ஒரே ஒரு ஓட்டு உள்ள லயம்

அக்கரப்பத்தனை,
21.2.1960

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நாகலெட்சுமி எழுதுவது. நானும் பிள்ளை பவளமும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். தலவாக்கலையில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? போன மாதம் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அன்ஸார் முதலாளி கடையில் மூட்டை தூக்கிக் கை ஓய்ந்துவிட்டதா, இல்லை தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டதா?

இங்கே எனக்கு வந்திருக்கிற மரியாதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பவளத்தின் அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட மனுவில் எனக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமை கிடைத்ததே, அதனால் எங்கள் கீழ்லயத்து வரிசை வீடுகளில் ஓட்டு உள்ள ஒரே ஆள் நான்தான். காலையில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விடும்போதே, "நாகு, நம்ம ஓட்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுகிறார்கள். என் ஓட்டு இல்லையாம், நம்ம ஓட்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் கூடி, ஒழுகுகிற கூரை, தண்ணீர் பிடிக்கிற உடைந்த பீலி எல்லாவற்றையும் அந்த ஒரு ஓட்டின் தலையில் ஏற்றினார்கள். கடைசியில் வருகிற எலெக்ஷனில் கடிகாரச் சின்னக்காரருக்குப் போடுவது என்று தீர்மானம். இங்கே பிறந்தவர்களை இந்தியாவுக்கு அனுப்பக்கூடாது என்று லயத்து வாசலில் நின்று சொன்னவர் அவர் ஒருவர்தான். குடைச் சின்னக்காரர் எங்களை எல்லாம் கப்பலேற்றுவேன் என்று டவுன் மேடையில் பேசியிருக்கிறார்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் எழுதுவதற்குச் சிரிக்காதீர்கள். குடைக்காரருக்கு ஓட்டுச் சேர்க்கிற கணேசமூர்த்தி செவ்வாய்க்கிழமை வந்தான். "யாருக்குப் போட்டேன்னு தெரியாதுன்னு நெனைக்காத. சீட்டுல நம்பர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் நான் போட்டிருந்த போஞ்சிச் செடிகளை யாரோ வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கலவரத்தின்போது, பவளத்தின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் படுத்துக் கிடந்தேனே, அன்றிலிருந்து ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுகிறேன். இப்போது தினமும் லொறி போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
நாகலெட்சுமி


தலவாக்கலை,
27.2.1960

அன்புத் தங்கச்சி நாகுவுக்கு,

அண்ணன் சோலைமலை எழுதுவது. உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன்.

என் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளியது உனக்குத் தெரியும். சின்னவனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட இந்தியாவுக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தேனே, அதுதான் குற்றமாகிவிட்டது. உன் வீடு அங்கேதான் இருக்கிறது, போ என்கிறார்கள். அங்கே எனக்கு வீடு ஏது? அப்பீல் போட்டிருக்கிறேன். பிரஜாவுரிமைக் கந்தோரிலிருந்து காக்கி உடுப்புப் போட்ட யாராவது கடை வாசலில் வந்து நின்றால் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறேன்.

கணேசமூர்த்தி கடைக்கு வந்தான். குடைக்காரர்தான் வெல்வாராம், வென்றால் என் அப்பீலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாராம். இந்தப் பள்ளத்தாக்கில் அங்கொன்று இங்கொன்றாக இருக்கிற தோட்டத்து ஓட்டுகளை நம்ப முடியவில்லை, அதனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் பொறுப்பு வேண்டும் என்றான். டவுன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்தினான். நான் என் பிள்ளைகள் மேல்தான் சத்தியம் செய்யப் போனேன். "ஓட்டு அவளோடது. புள்ளையும் அவளோடதா இருக்கணும்" என்றான்.

நாகு, உன் ஓட்டு குடைக்குத்தான் என்று பவளத்தின் தலைமேல் சத்தியம் செய்து, சூடத்தைக் கையால் அணைத்துவிட்டேன். உள்ளங்கை சுட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. உன் அண்ணி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ குடைக்குப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தயவுசெய்து போட்டுவிடு.

உன் அண்ணன்,
சோலைமலை


அக்கரப்பத்தனை,
3.3.1960

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

என் பிள்ளை என்ன உங்கள் கடைச் சாக்கா, எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் அடகு வைப்பதற்கு? அப்பா இல்லாத பிள்ளை. மாமன் என்றால் உயிரை விடுகிறாள். நீங்கள் போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த ரிப்பனை இன்னும் அவிழ்க்க விடவில்லை. அந்தத் தலையில் நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள்.

நான் எந்தப் பக்கம் திரும்புவது? கடிகாரத்துக்குப் போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. குடைக்குப் போட்டால், என்னை நம்பிக் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இத்தனை பேரையும் கப்பலேற்ற நானே கை கொடுத்த மாதிரி. நேற்றிலிருந்து பவளம் தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கிணற்றுப் பக்கம் விடுவதில்லை. தேயிலைக்குள் பாம்பு இருக்குமென்று வெளியே விளையாட விடுவதில்லை. "நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்? நீங்களே எழுதுங்கள்.

நாகலெட்சுமி


அக்கரப்பத்தனை,
22.3.1960

அண்ணனுக்கு,

நீங்கள் விபூதியை மட்டும் மடித்து அனுப்பியிருந்தீர்கள், ஒரு வரிகூட எழுதாமல். பவளத்துக்குப் பூசினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எலெக்ஷனுக்கு முந்தின நாள் பவளத்துக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கோயிலில் எல்லாரும் இருக்கும்போது சத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டுவார்கள், என்னையும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த காம்பராவில் இருக்கிற வேலாயி அக்காதான் முதலில் பேசினாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மனு தள்ளுபடி ஆகிவிட்டது, எந்த நேரம் போகச் சொல்வார்களோ என்று பெட்டியைக் கட்டிவைத்திருக்கிறவள். "புள்ள தலைக்கு மேல என்னாடி ஓட்டு? நீ கொடைக்கே போட்டுரு. நாங்க கோவிச்சிக்க மாட்டோம்" என்றாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அழகுமுத்து மட்டும், "அந்தக் கடிகாரக்காரரு நம்ம வாசல்ல தேத்தண்ணி குடிச்சாரே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவர்களுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான் அண்ணே. அதையும் என் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

மறுநாள் ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடம்வரை வேலாயி அக்கா துணைக்கு வந்தாள். ஓட்டு இல்லாதவள் உள்ளே வரக்கூடாது என்று பொலிஸ்காரர் படலையிலேயே நிறுத்திவிட்டார். கிராமத்து ஆட்கள் வரிசையில் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சீட்டில் உண்மையாகவே நம்பர் இருந்தது. கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தேன். பிறகு குடைக்குப் புள்ளடி போட்டேன். வெளியே வந்ததும் வேலாயி அக்கா என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு நடந்தாள்.

குடைக்காரர் வென்றுவிட்டார். அவருடைய லொறிகள் எங்கள் ரோட்டு வழியாகத்தான் பட்டாசு கொளுத்திக்கொண்டு போயின. எங்களைப் போகச் சொல்லிக் கத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் வெல்ல நானும் ஓட்டுப் போட்டிருக்கிறேன் என்று அந்த லொறியில் யாருக்குத் தெரியும்?

பவளத்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாகலெட்சுமி


தலவாக்கலை,
2.5.1960

அன்புத் தங்கச்சிக்கு,

பவளம் குணமானது அறிந்து கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அதற்கு மேல் உனக்கு எழுத எனக்கு முகமில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பார்லிமென்டைக் கலைத்துவிட்டார்களாம். ஜூலையில் மறுபடியும் எலெக்ஷன். இத்தனை பாடும் ஒரு மாதத்துக்குத்தான் போலிருக்கிறது. என் அப்பீலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணேசமூர்த்தியைக் கேட்டால், "அவரு சீட்டுல உக்காரவே இல்லியே, எப்படிச் சொல்லுவாரு? இந்தத் தடவ பாரு" என்கிறான். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறான். மறுபடியும் சூடம், மறுபடியும் அதே சத்தியம். வராவிட்டால் என் அப்பீல் குப்பைக்குப் போகும், அதோடு நான் கள்ளத்தோணியில் வந்தவன் என்று பொலிசுக்குச் சொல்லவும் ஆள் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

பெரியவன் இங்கே பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வருகிறான். அவனைக் கூட்டிக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போவேன்? எனக்கு ராத்திரி தூக்கமில்லை, நாகு. நீ ஒரு வார்த்தை எழுது. போ என்றால் போகிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் அண்ணன்,
சோலைமலை


அக்கரப்பத்தனை,
9.5.1960

அன்புள்ள அண்ணனுக்கு,

போ என்றும் எழுத மாட்டேன், வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். பவளத்தின் தலையில் கையை வைத்தது நீங்கள், எடுப்பதும் நீங்களே. நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் செய்த சத்தியம் போன எலெக்ஷனோடு தீர்ந்துவிட்டது. குடைக்குப் போட்டு நான் அதைத் தீர்த்தேன். போன வெள்ளிக்கிழமை பவளத்தைக் குளிப்பாட்டி எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். லயமே வந்திருந்தது. நானே சூடம் கொளுத்தி, "இந்தப் புள்ள தலமேல இனிமே யாரு எந்தச் சத்தியம் பண்ணாலும், அது என் தலையோட போகட்டும், ஆத்தா" என்று சொல்லிக் கையால் அணைத்தேன். சுட்டது அண்ணே, நீங்கள் எழுதியது மாதிரியே.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பவளத்துக்கு நீங்களும் அண்ணியும்தான். வேறு யார் இருக்கிறார்கள்? அதையும் நினைத்துக்கொண்டு கணேசமூர்த்தி சொன்ன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போங்கள். பயத்தில் என் எழுத்தே கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள்.

உங்கள் தங்கை,
நாகலெட்சுமி


தலவாக்கலை,
5.6.1960

என் உயிர்த் தங்கச்சிக்கு,

நீயும் என் மருமகளும் நூறு வருடம் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கணேசமூர்த்தி சூடத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினான். கையை நீட்டத்தான் செய்தேன், பொய் சொல்லவில்லை. பெரியவனின் பள்ளிக்கூடப் பை கண்ணுக்குள் வந்தது. அடுத்து உன்னுடைய கோணல் எழுத்து வந்தது. கையை மடக்கிக்கொண்டேன். "ஓட்டு என் தங்கச்சியோடது. அதுக்கு நான் யாருங்க பொறுப்பு சொல்ல?" என்றேன். சூடம் தானாக எரிந்து அணையும்வரை அவன் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு, "கப்பல்ல எடம் இருக்கு சோலைமலை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனி அப்பீலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்ஸார் முதலாளிக்கு விஷயம் தெரியும். முடிந்தவரை கடையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். எத்தனை நாளைக்கோ. உன் அண்ணி அன்று சாயந்திரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "குடிங்க" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

எலெக்ஷன் அன்று வேலாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போ. வெயிலேறுவதற்கு முன் போய்விடு. கடிகாரமோ குடையோ, உன் மனசுக்குப் பட்டதற்குப் போடு. ஆனால் ஒன்று, யாருக்குப் போட்டாய் என்று எனக்கு எழுதாதே. நேரில் வரும்போதும் சொல்லாதே. உன் அண்ணன் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். அவர்கள் வந்து ஓர் அதட்டுப் போட்டால் சொல்லிவிடுவேன்.

பவளத்துக்குப் புது ரிப்பன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
சோலைமலை