குச்சிக்கு நேரே நின்ற புள்ளி

ரஜப் மாதம் 4

ஏடன் துறைமுகத்து மலையில், கப்பல் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் காவலில் உட்கார்ந்து இது இருபதாவது வருடம். இந்தியக் கப்பல்கள் இன்னும் வரவில்லை. ஊரில் மிளகு தீர்ந்துவிட்டது; வியாபாரிகள் முகமெல்லாம் உப்பில்லாக் கஞ்சி.

கடலில் கரும்புள்ளி தெரிந்தால், நட்டுவைத்த குச்சிக்கு நேரே வைத்துப் பார்ப்போம். விலகினால் பறவை. நின்றால் கப்பல், கூவிவிடலாம். கூடக் காவல் இருக்கும் மைத்துனன் பரஜ் இன்று ஒரு கடற்காக்கையை அரை நாழிகை பார்த்தான். "பொண்ணு பாக்க வந்தியாடா?" என்றேன். இரண்டு நாள் பேசமாட்டான்.

ரஜப் 6

புள்ளி அசையவே இல்லை. "கப்பல்!" என்று கூவினேன். ஊரே துறைக்கு ஓடியது. மாலை வரை கடல் வெறுமை.

பொய்யாகக் கூவினால் பத்து அடி. அடிப்பவன் தெரிந்தவன்தான். "மெதுவா போடட்டா, சுவைத் அண்ணே?"

"ஏன், நேத்து சாப்பிடலையா?" என்றேன்.

நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறான்.

ரஜப் 7

குப்புறப் படுத்து எழுதுகிறேன். பெண்டாட்டி ஜுமானா எண்ணெய் தடவினாள். "கண்ணு தெரியலைன்னு ஒத்துக்குங்களேன்."

"உன் மீசை தெரியுதே!"

அழுத்தித் தேய்த்தாள்.

ரஜப் 9

சுவரில் அதே புள்ளி. ரொட்டியிலும் அதே புள்ளி. இடது கண்ணை மூடினேன் — போய்விட்டது.

அப்போ கப்பல் என் கண்ணுக்குள்ளயா நின்னுச்சு?

சொன்னால் மலை போச்சு. வேறென்ன வேலை தெரியும் எனக்கு?

ரஜப் 10

யாரிடமும் சொல்லவில்லை.

ரஜப் 13

மறுபடி புள்ளி. இடது கண்ணை மூடினேன். அப்போதும் நின்றது. கூவ வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இதுவும் பொய்யானால்? முதுகு கிடக்கட்டும் — ஊர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பரஜ் தொழுதுகொண்டிருந்தான். முடிக்கும்வரை காத்திருந்தேன். "என் கண்ணுல ஒரு ஈ குந்தியிருக்குடா. நீ பாரு."

"எந்த ஈ, மச்சான்?" என்று, மறுபடி கிண்டலென்று நினைத்துச் சீறியவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். குச்சியருகே குனிந்தான். அவனே கூவினான்.

கப்பல்தான்.

ரஜப் 14

துறைத்தலைவரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். தாடியைத் தடவினார். "கண்ணு போனா போகட்டும், தொண்டை இருக்குல்ல? கப்பலை எதிர்கொண்டு போற படகுல ஏறிக்க. கேள்வி கேக்க, கத்துற ஆளு வேணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் என்றேன் ஜுமானாவிடம். வீட்டில் வெங்காயமே இல்லை.

ரஜப் 20

இன்று படகில் போனேன். எத்தனையோ கப்பல்களைக் கூவியிருக்கிறேன். ஊர் துறைக்கு ஓடும்போது நான் மலையில் அடுத்த கப்பலைப் பார்த்திருப்பேன்; ஒன்றின் பக்கத்திலும் போனதில்லை. கப்பலை எள்ளளவாகப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இது கயிற்றால் தைத்த பலகைச் சுவராக மேலே மேலே போனது. மிளகு வாசனை மூக்கில் ஏறியது. எந்த ஊர், என்ன சரக்கு என்று கேட்க வேண்டும். மறந்தே போனது.

கப்பல் தலைவர் மேலிருந்து குனிந்தார். "என்னய்யா, கப்பலே பாத்ததில்லையா?"

"நிறையப் பாத்திருக்கேங்க. இவ்வளவு பெருசா இருக்கும்னு தெரியாது."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்.