காப்பாளர் இடத்தில் உன் பெயர்

இன்றைக்கும் கையிலிருந்து விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலை வைத்தும் தேய்த்தேன். வடகம் பிசைந்த கை அப்படித்தான், சோறு தின்னும்போதும் கூடவே வரும். முன்பெல்லாம் வடக ஷெட்டைப் பூட்டிவிட்டு நாம் இரண்டு பேரும் நடந்து வந்தால், நெல்லித்தோப்புத் தெரு நாய்கள் நம்மை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். "பாரேன், நாய்க்குக்கூட நம்ம சென்ட்டு புடிக்கல" என்று சிரிப்பாய். இன்றைக்கு நான் மட்டும் வந்தேன். நாய் வந்தது, மோந்தது, போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, வரி மேலும் கீழும் போகும். கிண்டல் பண்ண நீ இல்லை, பயமில்லாமல் எழுதுகிறேன்.

நம் வடகத்துக்கு அப்போது ஒரு முதலாளி இருந்தார். பெரிய மார்க்கெட்டிலிருந்து வரும் சின்ன வெங்காயத்தை நாம் உரிப்போம், இடிப்போம், பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி மாடியில் காய வைப்போம். அவர் தன் பெயரை ஒட்டி பிரான்சுக்கு அனுப்புவார். வயதாகிவிட்டது, மகனோடு போய் இருக்கப் போகிறேன், தொழிலை வாங்குகிறவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் சொன்னார். எல்லோரும் அடுத்த வேலை எங்கே என்று பேச ஆரம்பித்தோம். நீதான் கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "எவனோ வாங்கலாம்னா நாம வாங்கினா ஆவாதா?" என்றாய். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ விளையாட்டாகச் சொல்லும்போது உன் மூக்கு விடைக்கும், அன்றைக்கு விடைக்கவில்லை.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம். யார் பேரில் வைப்பது என்றபோதுதான் தகராறு வந்தது. யார் பேரில் வைத்தாலும் மற்றவர்களுக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து என் பேத்தி லீவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவள். எல்லோரும் முதலாளியாக இருப்பதற்கு வழி இருக்கிறது என்றாள்.

"பிளாக்செயின்னு பேரு ஆயா."

"செயினா? எத்தன பவுனு?" என்று கேட்டாய்.

அவள் சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். கணக்கு ஒருத்தர் பெட்டியில் பூட்டியிருக்காது. நம் எல்லோர் போனிலும் ஒரே கணக்கு இருக்கும். ஒருத்தி தனக்குத் தோன்றியபடி மாற்றினால் மற்ற போன்கள் ஒத்துக்கொள்ளாது. பங்கும் அப்படித்தான், ஓட்டும் அப்படித்தான்.

"அப்ப பொய் சொல்லணும்னா தெருவே சேந்துதான் சொல்லணும்," என்றாய்.

"ஆமா ஆயா, அதேதான்."

"இந்தத் தெரு எதுலயும் ஒண்ணு சேராது. தைரியமா செய்யி."

என் பேத்தி செய்தாள். பெருமையாகத்தான் சொல்கிறேன், இனியும் சொல்வேன். பாக்கெட்டின் பின்பக்கம் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் வந்தது. பிரான்சில் வாங்குகிறவர்கள் அதைப் போனில் காட்டினால், அந்த வடகத்தை உருட்டியது யார், எந்த மாடியில் காய்ந்தது என்று தெரியும். "நான் உருட்டறது கோணலா இருக்குன்னு பாரீசு வரைக்கும் தெரியணுமா?" என்று அலுத்துக்கொண்டாய். ஆனால் அன்றைக்கு முழுதும் உன் உருண்டைகள்தான் கோலிக்குண்டு மாதிரி இருந்தன.

ஓட்டு என்றால் உனக்கு விளையாட்டில்லை. உன் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அந்தக் குடியுரிமையில் நீ பிரெஞ்சுத் தேர்தல்களில் ஓட்டுப் போடுகிறவள். ஓட்டு நாளில் பட்டுப்புடவை கட்டி, கைப்பையைப் பிடித்துக்கொண்டு இங்கிருக்கும் பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போவாய். அங்கே பெட்டியில் சீட்டு விழுந்ததும் ஓர் ஆள் "ஆ வொத்தே!" என்று சத்தமாகச் சொல்வாராம், இவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று. அதை நம் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாய். வீட்டில் படுத்துக்கொண்டே போனை அழுத்தினால் போதும் என்று பேத்தி சொன்னாள். நீ கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஷெட்டுக்கு வர வேண்டும், முகம் கழுவி வர வேண்டும், ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று அழுத்த வேண்டும். அழுத்தினதும் நீ "ஆ வொத்தே!" என்பாய். புது உரல் வாங்குவதற்குக்கூட இத்தனை சடங்கு. அஞ்சலை முணுமுணுப்பாள், "கலியாணத்துக்குக்கூட இவ்ளோ நேரம் நிக்க வெக்கல." முணுமுணுத்தாலும் பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவாள்.

போன் தொலைந்தால் பங்கு என்ன ஆகும்? அதற்குத்தான் காப்பாளர். ஒவ்வொருத்தியும் தனக்குக் காப்பாளராக ஒருவர் பெயரைப் போட வேண்டும். போனோ ஆளோ போய்விட்டால், பங்கை உரியவர் கையில் சேர்ப்பது அவர் பொறுப்பு. மகன், மருமகள் பெயர் வேண்டாம் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். "இங்க உக்காந்து கூட வெங்காயம் உரிக்கிறவ பேரு போடுங்க. கண்ணெரிச்சல் தெரிஞ்சவதான் காப்பாத்துவா." இன்றைக்கு நாளைக்கு என்று எல்லோரும் தள்ளிப்போட்டபோது, பெயர் போடாதவளுக்கு ஓட்டுக் கிடையாது என்று விதியும் வைக்கச் சொன்னாய். நான் உன் பெயரைப் போட்டேன். நீ என் பெயரைப் போட்டாய். கணக்கில் அது மட்டும் மறைவாக இருக்கும், யார் யாரைப் போட்டார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, கணவன் பேரைச் சொல்லாத மாதிரி அதையும் சொல்லாமல் வைத்துக்கொண்டோம்.

பிறகு ஐப்பசி மழையில் ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உப்பளம் கல்லறையில் உன்னை வைத்துவிட்டு வந்தோம்.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனி நம் பெயரையும் தொழிலையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. நாம் அங்கே கூலிக்கு உருட்டலாம். செல்விக்கு மூட்டு வலி, மகள் கல்யாணம். அவள் விற்கலாம் என்றாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளோடு இன்னும் சிலர். ஞாயிறு ஓட்டு என்று முடிவானது. அதற்கு நீ போன செய்தியைப் பேத்தி கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினாள். சனிக்கிழமை ஷெட்டில் போனைத் திறந்தால், எனக்குக் காப்பாளர் இல்லை, வேறு பெயர் போடும்வரை என் ஓட்டு சேராது என்று காட்டியது.

உன் பெயர் மேலே சாம்பல் நிறத்தில் இருந்தது. வேறு பெயர் போட்டால் அது போய்விடும். போடாவிட்டால் நீ வாங்க வைத்த தொழில் போய்விடலாம். பேத்தியைப் போனில் கூப்பிட்டேன்.

"அது வெறும் பேருதான் ஆயா. மாத்திடு."

"வெறும் பேரா? வெய்யி போன."

யார் பெயரைப் போடுவது? தெருவில் எல்லோரையும் தெரியும். ஆனால் நான் தடுக்கி விழுந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவேன் என்று யோசித்தால், உன் முகம் வருகிறது, அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இந்த வயதில் ஒரு சிநேகிதியைப் புதிதாக எங்கே போய்த் தேடுவது?

அஞ்சலை வந்து எதிரில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். உனக்கும் அவளுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. பூண்டு கூட என்று நீ, உப்பு கம்மி என்று அவள்.

"இன்னாக்கா, போனையே மொறச்சிப் பாக்கற? உனக்கும் பூட்டிக்கிச்சா?"

"உனக்கும்னா?"

"காப்பாளர் இல்லன்னு வருது."

"யாரு பேரு போட்டிருந்த?"

முறத்தில் இருந்த வெங்காயத் தோலை ஊதினாள்.

"கேக்கறேன்ல?"

"அந்தம்மா பேருதான்."

"அவளையா? நாள் பூரா சண்ட போடுவீங்களேடி!"

"சண்ட வேற. எம் பங்கு எங்கிட்ட வந்து சேரணும்னா வேற யாருக்கா கொண்டாந்து குடுப்பாங்க?"

உரல் பக்கத்திலிருந்து லூர்து, "எனக்கும் பூட்டிக்கிச்சு" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "எனக்கும்." ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், அப்படியே அழுதாள். எங்களில் பாதிப் பேருக்குமேல் உன் பெயரைத்தான் போட்டிருந்தோம். எல்லோரும் ஒரே ஆணியில் பையை மாட்டியிருக்கிறோம். ஆணி கழன்றதும் எல்லாப் பையும் தரையில் கிடக்கிறது.

உன்னைக் காப்பாளராகப் போட்டால் நீயும் உன் போனில் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அப்படியானால் உனக்குத் தெரியும். ஒவ்வொருத்திக்கும் அழுத்தியிருக்கிறாய், அஞ்சலைக்குக்கூட. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு மட்டும் என்று இருந்தேன். செத்தபிறகும் உன்னை இத்தனை பேரோடு பங்கு போட வேண்டியிருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. இத்தனை பேரும் உன்னிடம் வந்தார்கள். நீ ஒருத்தியிடம்தான் வந்தாய்.

"எம் பேர போடுக்கா," என்றாள் அஞ்சலை. "நான் உன் பேர போடறேன்."

"உன்ன நம்பியா?"

"நம்பாத. போடு."

போட்டேன். மாற்றவா என்று கேட்டது. உன் பெயரை ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழுத்தினேன். அஞ்சலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். மற்றவர்கள் என் பெயரைப் போடுகிறோம் என்று வந்தார்கள். திட்டி அனுப்பினேன். "மறுபடியும் ஒருத்தி தலையிலயா? பக்கத்துல உக்காந்திருக்கறவ மூஞ்சியப் பாருங்கடி. அவ பேர போடுங்க." சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஷெட்டில் அதுதான் நடந்தது. பெண் பார்க்கிற மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தியாக எழுந்து அழுத்தினோம். விற்க வேண்டாம் என்று கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகள் கல்யாணத்துக்கு எல்லோர் பங்கிலிருந்தும் முன்பணம் தருவது என்று அங்கேயே இன்னொரு ஓட்டுப் போட்டோம். திங்கட்கிழமை வழக்கம்போல வந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டே உருட்டினாள்.

அஞ்சலை இப்போது தினமும் காலையில் கூப்பிடுகிறாள். "போன் இருக்குதா? நீ இருக்கறியா?" இருக்கிறேன் என்றதும் வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். உன்னோடு பேசுகிற பேச்சு அவளோடு வராது. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

உன் பங்கு இன்னும் என் காவலில்தான் இருக்கிறது. பிரான்சிலிருந்து உன் மகள் பேசினாள். "லீவுல வந்து வாங்கிக்கறேன் சித்தி, அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். வைத்திருக்கலாம், ஆனால் அதை வைத்து நான் ஓட்டுப் போட முடியாது. அதனால் ஓட்டு முடிந்ததும் எல்லோர் போனிலும் வந்த கணக்கில், வேண்டும் இத்தனை, வேண்டாம் இத்தனை என்பதற்குக் கீழே, வாக்களிக்காதவர் ஒருவர் என்று ஒரு வரி இருந்தது.

"பாக்க ஒரு மாதிரி இருக்கு ஆயா. அந்த வரிய மறைச்சிடவா?" என்று பேத்தி கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றேன். "வராதது யாருன்னு எங்களுக்குத் தெரியும்."