தளை தட்டாத வெண்பா

உடப்பு
12.03.2014

அன்பின் பாக்கியம்,

முன்னேஸ்வரத்தில் தங்கச்சி வீட்டில் சுகமாய் இருப்பாய். இங்கே கோழிகள்தான் உன்னைத் தேடுகின்றன.

"மகனுக்குத் திதி வெண்பா எழுதி முடிச்சாத்தான் வீட்டுக்கு வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஊராருக்கெல்லாம் இறந்த ஆண்டு, மாதம், திதி வைத்து வெண்பா எழுதி, நினைவுமலருக்குக் கொடுத்த கைதான் இது. நிரோஷனுக்கு எந்தத் திதியை எழுதுவேன்? கரைவலை இழுக்க முல்லைத்தீவு போய், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன் இறந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லையே.

கல்யாணமான புதிதில், "அதென்ன வெண்பா, வெள்ளைப் பாட்டோ?" என்று கேட்டுச் சிரித்தாய். ஓம், வெண்மைதான், கலப்பில்லாத தூய்மை என்றேன். சீரோடு சீரைப் பிணைக்கும் கட்டுக்குத் தளை என்று பெயர். தனக்குரிய தளையைத் தவிர வேறெதையும் வெண்பா உள்ளே விடாது. ஒரு சீர் பிசகினாலும் தளை தட்டும், காது உடனே சொல்லிவிடும். பொய்க்கு அதில் இடமில்லை என்றுகூடப் பெருமை பேசினேன்.

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையை வைக்கலாம் என்று ஐயர் சொன்னாராமே. நேற்று அப்படியே எழுதிப் பார்த்தேன். சண்டை முடிந்த விரோதி வருடம், வைகாசி, அமாவாசை. எங்காவது தட்டும், கிழித்துப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

விடிந்ததிலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறேன், பாக்கியம். ஓரிடத்திலும் தட்டவில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா