நாற்பது நாள் விசா

மாட்டுங்கா
2-10-1949

அன்புள்ள அம்மாவுக்கு ஷ்யாமளா நமஸ்காரம் செய்து எழுதுவது.

உன் கடிதம் என் சிநேகிதி நஜ்முன்னிசா வீட்டு விலாசத்துக்குப் பத்திரமாக வந்தது. அப்பா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இருமினாலே கடிதத்தை மறைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் முதல் தேதியிலிருந்து இலங்கைக்கு விசா வேண்டும், அதற்குள் சங்கரன் மாமாவோடு கொழும்புக்கு வந்துவிடு, வந்தால் திரும்ப வேண்டாம் என்கிறாய். அப்பாவோ வழக்கம்போல தீபாவளி லீவுக்குப் போய் வருவேன் என்று நினைக்கிறார். நேற்று புது டிரங்குப் பெட்டி வாங்கிவந்து, "பழசுல பூட்டு சரியில்லே, கப்பல்ல எவனாவது அடிச்சுண்டு போயிடுவான்" என்றார். அந்தப் பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லை.

விசா வாங்கிக்கொண்டு கோடை லீவுக்கு வந்தால் ஆகாதா? உடனே பதில் போடு.

உன் ஷ்யாமு

கொழும்பு
9-10-1949

கண்ணு ஷ்யாமுவுக்கு ஆசீர்வாதம்.

விசாவில் யார் வீட்டுக்கு, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். பெற்றவள் வீட்டுக்கு நீ விருந்தாளியா? ஒவ்வொரு வருஷமும் மனுப்போட்டு, அவர்கள் கொடுத்த நாள் முடிந்ததும் உன்னை நானே ரயிலேற்ற வேண்டும். இப்போது வந்தால் அம்மை குத்திய சீட்டு போதும், வேறு கேள்வி கிடையாது.

அப்பாவும் நானும் பிரிந்த நாலு வருஷமாக லீவுக்கு மட்டும்தான் எனக்கு மகள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே உனக்கு இடம் கேட்டுவைத்திருக்கிறேன். பிறகு அப்பாவுக்கு எழுதிக்கொள்ளலாம். தைரியமாக வா.

அம்மா பாகீரதி

மாட்டுங்கா
16-10-1949

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபிக்காதே. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லி முடித்தேன்.

கேட்டுக்கொண்டே புதுப் பெட்டியின் பூட்டைப் பூட்டிப் பூட்டித் திறந்தார். பிறகு, "அம்மாவைப் பார்க்கப் பொண்ணுக்கு சர்க்கார் உத்தரவு வேணுமாம். எங்களுக்குக் கல்யாணம் பண்ணிவெச்சப்போ ஒருத்தனும் ஃபாரம் கேக்கலே" என்று சிரித்தார்.

"அங்கேயே இருக்கணுமா நோக்கு?"

"இல்லேப்பா. போகணும், வரணும்."

"எத்தனை நாள்னு அதுல எழுதணுமோ?"

"ஆமாம்."

"அப்போ நல்லதாப் போச்சு. நீ ஒவ்வொரு தடவை கிளம்பறப்போவும் திரும்பி வருவியோன்னு கேக்க வாய் வரும். கேட்டதில்லே."

அதனால் தீபாவளிக்கு வரவில்லை. கோடைக்கு நாற்பது நாள் விசாவில் வருகிறேன். அடுத்த கோடைக்கும் கேட்பேன். ஒருமுறை ஒளிந்து வந்துவிட்டால் அப்பா முன்னால் எப்படி நிற்பேன்? விசா இருந்தால் இரண்டு வீட்டுக்கும் தலைநிமிர்ந்து போகலாம். யார் வருகிறார், எத்தனை நாள் தங்குவார் என்று நீ ஒரு கடிதம் தர வேண்டுமாம். அனுப்பு அம்மா.

ஷ்யாமளா

கொழும்பு
25-10-1949

ஷ்யாமுவுக்கு,

இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நீதான் ஜெயித்தாய்.

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. 'என் மகள் என் வீட்டுக்கு வருகிறாள்' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பிப் போவாள் என்றும் இருக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அதையும் எழுதிவிட்டேன்.

நாற்பது என்று எழுதத்தான் கை வரவில்லை. நாற்பத்தைந்து என்று எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குச் சம்மதமா, கேட்டு எழுது.

அம்மா