மேடையிலிருந்து ஒரு ‘வாங்க’

அக்கா,

காலையில் உங்கள் பித்தளை மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே மருமகளிடம் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கை நழுவி மணி ஒலித்தது. பாதியில் வாயை மூடிக்கொண்டேன். “இந்த மணி எந்தக் கடைலீங்க அத்தை கெடைக்கும்?” என்று கேட்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் உங்கள் மணிக்கு அடங்குகிறேன், பாருங்கள்.

தொண்ணூறுகளில் ஆர்.எஸ்.புரத்து உங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் பெண்களுக்குப் பேச்சு மன்றம் நடத்தினீர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் இந்த மணி. நீங்கள் மில்காரர் வீட்டு அம்மா. நான் எதிர்வீட்டில் குடியிருந்த அஞ்சாங்கிளாஸ்காரி. மேடை ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. மகளின் பள்ளியில் ஆள் பத்தவில்லை என்று பிளஸ் ஒன் அறிவியல் பிரிவை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். வேறு பள்ளி என்றால் தூரம். அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் கேட்டுவிடலாம் என்று எழுந்தவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும் வரை மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் முடிவு என்றார்கள்.

“அதுக்குள்ள உன்ற வாயத் தொறந்து காட்டறேன், அம்மணி” என்றீர்கள்.

“நீங்க என்ன பல்லு டாக்டருங்களா?” என்றேன்.

முதல் நாள் எனக்குத் தலைப்பு தென்னை. கிணத்துக்கடவுத் தோப்பில் வளர்ந்தவளுக்குத் தென்னையைப் பற்றித் தெரியாதா? “தென்னையானது” என்று தொடங்கினேன். படியேறி ஒருவர் வந்தார். “வாங்க, உக்காருங்க.” மறுபடியும் “தென்னையானது.” இன்னும் இருவர். “வாங்க, வாங்க. கொழந்தைக்குக் காச்சல் உட்டுதுங்களா?” நம் பக்கத்தில் வந்தவரை வாங்க என்று கேட்காமல் விட்டால் பேரன் காலம் வரை சொல்லிக்காட்டுவார்கள். உங்கள் மன்றத்திலோ யாரும் நேரத்துக்கு வருவதில்லை. மணி அடித்தபோது என் தென்னை முளைக்கவே இல்லை. போதாததற்கு மணிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரித்ததில் உங்களுக்குப் புரையேறியது.

இனி வரமாட்டேன் என்று கிளம்பினேன். “வர்றவங்களையெல்லாம் வாங்கன்னு கேக்குதல்ல, அந்த வாய்க்கு வேற பேச்சு வராதா?” என்று படியிலேயே மறித்தீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு என்னோடு வருவதாகச் சொன்ன நீங்கள் வரவில்லை. தனியாக எழுந்து நின்றேன். “சொல்லுங்கம்மா” என்றார் தலைமையாசிரியை. கை மறுபடியும் முந்தானைக்குப் போனது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பின்கதவு கிறீச்சென்றது. தாமதமாக யாரோ.

“வாங்க, உக்காருங்க. இப்பத்தான் ஆரம்பிக்கறேன்” என்றது என் வாய்.

கூட்டம் சிரித்தது. அத்தனை பேரும் என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாகத் தெரிந்தார்கள். விருந்தாளியிடம் பேச எனக்கென்ன பயம்? “ஆள் பத்தலீன்னு நீங்க இதை நிறுத்திப்போட்டா, எங்கூட்டுல எம் புள்ள படிப்பையே நிறுத்திப்போடுவாங்க. பத்தாத புள்ளைகள நாங்க கூட்டியாரமுங்க” என்றேன். சொன்னபடி வீடு வீடாகப் போய்க் கூட்டியும் வந்தோம். பிரிவு தப்பியது. இன்று கோபியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள் என் மகள். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று கதவைத் திறந்து வந்தவர் நீங்கள்தான். வெளியே எவ்வளவு நேரம் காத்து நின்றீர்கள் என்று கேட்டேன். “செருப்பு வாரு அறுந்துபோச்சு அம்மணி” என்றீர்கள். செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் போனபோது உங்கள் வீட்டில் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். ஆள் வந்துகொண்டே இருந்தது. துக்க வீட்டில் வாங்க என்று கேட்கக்கூடாதே. ஒவ்வொருவர் வரும்போதும் அந்தச் சொல்லை விழுங்கினேன். அதோடு மற்ற பேச்சும் உள்ளே போய்விட்டது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். உங்கள் மருமகள்தான் இந்த மணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

நாளை பேத்தியின் பள்ளி விழாவில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். “அம்மாயி, நடுவுல யாரையும் வாங்கன்னு கேக்காதீங்க, மானம் போயிரும்” என்கிறாள். சரி என்று தலையாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கதவுச் சத்தம் கேட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. வருவது யாரோ, செருப்பு வாரு அறுந்த யாரோ.