மெய்யெழுத்தில் முதல் எழுத்து

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாகத்தான் இருக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். அந்தப் பச்சை நிறம் உனக்கு எடுப்பாக இருக்கிறது. முடியை வெட்டிக்கொண்டதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை. இங்கே நீ இருந்த அறையின் கூரை ஒழுகியது, ஆள் வைத்துப் பூசிவிட்டோம். பெண்ணுக்குப் பரீட்சை முடிந்தது. கணக்கைத் தவிர எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாளாம். நான் நம்பவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஊர் ஊராகப் போய் எப்படி உரையாடுவது, மேடையில் எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுக்கிறவள் நீ. உன்னிடம் வாய் கொடுத்து நான் மீள முடியுமா? எடுத்த எடுப்பிலேயே என்னைச் சிரிக்க வைப்பாய். கொஞ்ச நேரத்தில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கே நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி.

உன் அழைப்பு வந்தது. பெரிய அரங்கமாம், முதல் வரிசையில் எனக்கும் உன் அத்தானுக்கும் நாற்காலி போட்டிருக்கிறாயாம். அவரைப் பற்றிய கதையைச் சொல்லி முடித்ததும் “அந்த மனிதர் இதோ இங்கே இருக்கிறார்” என்பாயாம். அவர் எழுந்து நிற்க வேண்டுமாம், எல்லோரும் கைதட்டுவார்களாம். நாங்கள் வரமாட்டோம்.

அந்தக் கதை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பள்ளிப் பேச்சுப் போட்டியில் பாதியில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் கெஞ்சினேன், திட்டினேன், கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். அவர் வேலையிலிருந்து வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். “மெய்யெழுத்துல முதல் எழுத்து எனக்கு வராதும்மா. ஆரம்பத்துல வந்தா அப்படியே நின்னுடும். அதனாலதான் எங்க போனாலும் டீ சொல்றேன். டீ எனக்குப் பிடிக்கவே பிடிக்காது” என்றார். அடுப்படியில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஆசை ஆசையாக டீ போட்டுக் கொடுத்தவள் நான். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொன்னார், நீ கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக. நீ சிரித்துக்கொண்டே திறந்தாய். “யார்ட்டயும் சொல்லிடாதே” என்றார். “சத்தியமா சொல்லமாட்டேன் அத்தான்” என்று அவர் உள்ளங்கையில் அடித்தாய். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உன் ஒவ்வொரு பேச்சுக்கும் முதலில் உட்கார்ந்து கேட்டவர் அவர்தானே. முடித்ததும் “ஒரே ஒரு திருத்தம்” என்பார். ஒன்றுக்கு மேல் சொல்லவே மாட்டார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அவருடைய அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை காய்ச்சும் பிரிவு இருக்கிறது. அங்கே புகை வெளியேற வழி இல்லை. பெண்கள் இருமிக்கொண்டேதான் வேலை செய்கிறார்கள். முதலாளியிடம் பேச எல்லோரும் சேர்ந்து இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அளந்து பேசுகிறவர், அழுத்தமான ஆள் என்று அவருக்கு அங்கே பெயர். பாவம், எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுதான் அவர் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தார். அது நம் இருவருக்கு மட்டும் தெரியும்.

பேச்சைத் தயார் செய்வதைப் பற்றி நீ மணிக்கணக்கில் பாடம் நடத்துவாய். நாங்கள் சாப்பாட்டு மேசையில் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். காற்று வேண்டும் என்று கேட்க வேண்டும், ஆனால் காற்று என்ற சொல் ஆகாது. “மூச்சு” போட்டோம். கூரை ஆகாது, “மேலே இருக்கும் தகரம்” என்றோம். கோரிக்கை போயே போய்விட்டது. கடைசியில் “கேட்கிறோம்” வந்து குறுக்கே நின்றது. “வேண்டுகிறோம்” என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். முகம் மாறிவிட்டது. “மூச்சு விடறதுக்கு வேண்டிக்கணுமா?” என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். “நாங்க”வோடு ஒட்டி, நடுவில் மூச்சு விடாமல் சொன்னால் வந்தது. சுவரிடம் சொன்னார், குழாயடியில் சொன்னார், பெண்ணை முதலாளியாக உட்கார வைத்து அவளிடம் சொன்னார். அவள் முதலாளி மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றாள். அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் உன் வீடியோ வந்தது. உண்மைக் கதை ஒன்று சொன்னால் கேட்பவர்கள் மனதில் பதியும் என்று பாடம் எடுக்கிறாய். சரி, யாருடைய உண்மை? திரையில் எங்கள் கல்யாணப் படம் வேறு. பயத்தை வெல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான் என்று உருகினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, “கா... கா... கா...” என்று அவர் மாதிரியே செய்து காட்டினாய். “அத்தான் காபி கேக்கறாரா, காக்காவைக் கூப்பிடறாரா?” என்றாய். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் உன் முன்னால் ஒருநாளும் அப்படித் திக்கியதே இல்லையே. இதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறாய். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் வீடியோ கம்பெனி முழுக்கப் போய்விட்டது. கூட்டத்தன்று அவர் எழுந்து நின்றார். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ காக்கா மாதிரி கரைந்தான். இரண்டு பேர் சிரித்தார்களாம். அவர் தாளை ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர் கீப்பர் நல்ல மனிதர், மரியாதையாக இருக்கட்டும் என்று “வேண்டுகிறோம்” என்று மாற்றிப் படித்தார். முதலாளி பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான். பெண்கள் இன்னும் இருமுகிறார்கள்.

அவரிடம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் அவர் வீடியோவைத் தானே போட்டுக் கடைசி வரை பார்த்தார். பிறகு “நல்லாதான் பேசறா. ஒரே ஒரு திருத்தம்” என்றார். என்ன என்று கேட்டேன். சொல்ல வந்தார். வரவில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில்கூடத் தலையசைப்புதான். என்னிடம் தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தாரே, அதையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

வேற்றாள் செய்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு மறந்திருப்பேன். நீ எங்கள் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். துரோகம் என்று எழுத மனம் வரவில்லை, ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதையை இனி எந்த மேடையிலும் சொல்லாதே. விளக்கம் எழுதி அனுப்பாதே, நீ நன்றாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். உன் வேலை ஓங்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், தொண்டைக்கு வெந்நீர் குடி. முடிந்தால் ஒருநாள் இங்கே வா. எதையும் தயார் செய்துகொண்டு வராதே. வந்து அவர் எதிரே சும்மா உட்கார். உனக்கு வார்த்தை வராமல் போனாலும் பயப்படாதே, அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

உன்மேல் இன்னும் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா