சின்னத் தூம்பாவில் போன மச்சானுக்கு

என் பிரியமுள்ள சவரிமுத்து மச்சான்,

மோட்சத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு உபதேசியாராக இருந்து நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். இருந்தாலும் உங்கள் அடக்கம் நடந்த கதையை முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தை விட்டாலும் வாத்தியார் புத்தி விடுகிறதா? விடையை முன்பே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டீர்கள், மச்சான்!

நம் கோயிலில் சவப்பெட்டியை வைத்துத் தோளில் சுமக்கும் நாலு கொம்புத் தூம்பா இரண்டு இருந்தது. படகு வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்குப் பெரியது. கறுப்பு வார்னிஷ், ஓரத்தில் பொன் கோடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சேரி ஜனங்களுக்குச் சின்னது. மணிக்கூண்டுக்குப் பின்னால் மழையில் கிடக்கும். ஒரு சாதியின் தூம்பாவை மற்றச் சாதியின் தோள் தொடாது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தது, தோள்வரை வழியவில்லை போலும்.

"என்னைச் சின்னதுல கொண்டுபோங்க" என்று படுக்கையில் நீங்கள் சொன்னபோது, காய்ச்சலில் உளறுகிறீர்கள் என்றார் உங்கள் சித்தப்பா ராயப்பன். உங்கள் தங்கை திரேசு அதை மனசில் வாங்கிக்கொண்டாள்.

அடக்கத்தன்று வாசலில் சின்னத் தூம்பா வந்து நின்றது. கொண்டுவந்த துறைமுகத்துச் சின்னப்பனும் அவன் ஆட்களும் எட்டிப் போய் நின்றார்கள். சாமியாரோ, "குடும்பத்தார் இஷ்டம்" என்று நழுவிவிட்டார்.

சித்தப்பா குதித்தார். "இன்னாம்மா இது? நம்ம வூட்டுப் புள்ளய அதுல ஏத்தினா குப்பமே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் சித்தப்பா. சிரிச்சுகினே தோள் குடுக்கட்டும்" என்றாள் திரேசு.

ஒருவரும் அசையவில்லை. சின்னப்பன் என் காதருகே வந்தான். "வாத்தியாரே, நாங்க தொட்டா உங்காளுங்க வரமாட்டாங்க. பேஜாராக் கீது."

சேசுநாதரின் சிலுவையைத் தூக்க வழியில் போன சீமோனைப் பிடித்தார்களே, எந்தத் தெருக்காரன் என்று யாராவது விசாரித்தார்களா? வகுப்பில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்று என் வாயே திறக்கவில்லை. திரேசுதான் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். "ஆம்பளைங்களுக்குத் தோள் இல்லன்னா நான் தூக்குறேன்."

"ஏய், நகரு! நான் செத்தா பூட்டேன்?" என்று பாய்ந்து முன்கொம்பைப் பிடித்தார் சித்தப்பா. மறுகொம்பில் சின்னப்பன். பின்கொம்புகளில் நானும் அவன் தம்பியும். சித்தப்பா குள்ளம், சின்னப்பன் பனைமரம். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது.

"டேய், குனிஞ்சு வாடா! புள்ள உருண்டுடப் போறான்!"

"நீ கொஞ்சம் நிமிந்து வா பெரியவரே! எனக்கு முதுவு ஒடியுது!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தெருமுனை திரும்புவதற்குள் நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் தோள் மாற்றிக்கொள்ள முண்டியடித்தார்கள். திருச்சபை என்றால் ரோமாபுரி என்றே நினைத்திருந்தேன், மச்சான். அன்று அது நம் தெருவில் வெறுங்காலோடு நடந்துபோனது.

இன்னும் கேளுங்கள். போன மாதம் சின்னப்பனின் தாயார் காலமானார். சித்தப்பா கோயிலுக்குப் போய்ப் பெரிய தூம்பாவைத் தாமே துடைத்து வெளியே இழுத்தார். "யார் சொல்லி எடுக்குறீங்க?" என்று சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை தடுத்தாராம். "சவரி சொன்னான்" என்றாராம் சித்தப்பா. இப்போது கோயிலில் ஒரே தூம்பா. சின்னது உளுத்துப்போனது, ஜனங்களே அதைப் பிரித்து அடுப்பெரித்தார்கள். முகம் திருப்பிக்கொண்ட வீடுகள் இரண்டொன்று உண்டு. திருப்பட்டும், கழுத்து வலித்தால் தானே திரும்பும்.

கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் நடுச்சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. உங்களை நம் பக்கத்தில்தான் வைக்க முடிந்தது. அது உங்களுக்கு உறுத்துகிறதா? எனக்கு உறுத்துகிறது. என் காலத்துக்குள் அது விழும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். விழாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் என்னைப் புதைக்கச் சொல்லி திரேசிடம் சொன்னேன். "நீ சாவுற வரைக்கும் யார் காத்துகினு இருப்பாங்க? கடப்பாரை எடு" என்கிறாள்.

உங்கள் தங்கைக்கு வாழ்க்கைப்பட்டவன்,
அருளப்பன்